“வீட்ல இருக்குற இடமே தெரியாது டாக்டர்!”

1.
“பாப்பா எப்படிம்மா?”னு கேட்டா சில அம்மா அப்பாக்கள் ரொம்பப் பெருமையா ஒரு பதில் சொல்வாங்க.

“ரொம்ப சமத்து டாக்டர். வீட்ல இருக்குற இடமே தெரியாது.”

பதினஞ்சு வருஷமா குழந்தைகள் நல மருத்துவரா இருக்கேன். இதைக் கேட்டுட்டு நானும் பல தடவை “வெரி குட்”னு சொல்லியிருக்கேன். இப்ப சொல்றதில்ல. ஏன்னு சொல்லத்தான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். பிள்ளை வளர்க்கிறவங்க, பாடம் நடத்துறவங்க, பேரப்பிள்ளை வச்சிருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

2.
எட்டு வயசுப் பொண்ணு. மூணாம் வகுப்பு. (யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

“அடிக்கடி வயிறு வலிக்குதாம், ஸ்கூல்ல இருந்து ஃபோன் பண்ணாங்க”ன்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. தொப்புளைச் சுத்தி வலி. வாந்தி இல்ல, காய்ச்சல் இல்ல, மோஷன் நார்மல். பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒன்றரை மாசம் கழிச்சு மறுபடி அதே வலி. ரத்தம், யூரின், ஸ்கேன் எல்லாம் பார்த்தாச்சு. எல்லாமே நார்மல். ஒரு சிரப் எழுதினேன்.

3.
அன்னிக்கு ரத்தம் எடுக்கும்போது அவளே கையை நீட்டினா. அழல. முகம் கூட சுளிக்கல.

பக்கத்துல ஒரு பையன் ஊசியைப் பார்த்து அலறிக்கிட்டு இருந்தான். அவன்கிட்ட நான், “பாரு, அக்கா எவ்ளோ சமத்து”ன்னு சொன்னேன். அவங்க அம்மாவும் சிரிச்சுக்கிட்டே, “அவ எப்பவும் அப்படித்தான் டாக்டர். வீட்ல இருக்குற இடமே தெரியாது”ன்னாங்க.

நான் அன்னிக்கு எதைப் பாராட்டினேன்னு எனக்குப் புரிய இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு.

4.
மூணாவது தடவை வந்து வெளியே உட்கார்ந்திருந்தாங்க. எங்க சிஸ்டர் உள்ளே வந்தாங்க. இருபது வருஷமா குழந்தைகளுக்கு ஊசி போடுறவங்க.

“சார், அன்னிக்கு ரத்தம் எடுக்கும்போது அந்தப் புள்ள யாரையுமே பாக்கல சார். அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஒரு தடவை கூட திரும்பல.”

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. கீழ விழுந்த குழந்தையைக் கவனிச்சிருக்கீங்களா? முதல்ல சுத்தி யார் இருக்காங்கன்னு பார்க்கும். அப்புறம்தான் அழும். வலிச்சா ஆளைத் தேடுறது குழந்தையோட இயல்பு. தேடாத குழந்தையைப் பார்த்தா, இது எப்ப தேடுறதை விட்டுச்சுன்னு நாம கேட்கணும்.

5.
அன்னிக்கு அம்மாவை வெளியவே இருக்கச் சொல்லிட்டு, சிஸ்டரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு அவகிட்ட பேசினேன். ஸ்கூல் பிடிக்குமா, யார் ஃப்ரெண்ட், யாராவது அடிக்கிறாங்களா, பிடிக்காத மாதிரி யாராவது தொடுறாங்களான்னு எல்லாம் கேட்டேன். எல்லாத்துக்கும் “இல்ல அங்கிள்” தான்.

அப்புறம் கேட்டேன். “வயிறு வலிச்சா வீட்ல முதல்ல யார்கிட்ட சொல்லுவ?”

ரொம்ப நேரம் யோசிச்சா.

“சொல்ல மாட்டேன். படுத்துப்பேன்.”

“ஏன்டா கண்ணா?”

“அம்மா பேசாத நாள்ல சொல்லக்கூடாது.”

6.
“அம்மா பேசாத நாள்”னு அந்த வீட்ல ஒண்ணு இருந்துச்சு.

அப்பாவுக்கு ஊர் ஊரா சுத்துற வேலை. வீட்டுக்கு வந்தா சண்டை. சண்டை முடிஞ்சா அம்மா ரெண்டு நாள், மூணு நாள் யார்கிட்டயும் பேச மாட்டாங்க. டிபன் பாக்ஸ் ரெடியா இருக்கும். யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி இருக்கும். ஃபீஸ் கட்டியிருக்கும். பேச்சு மட்டும் இருக்காது.

ஒரு அடி கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. “அவளுக்கு நான் என்ன குறை வச்சேன் டாக்டர்?”னு அந்த அம்மா என் முன்னாடி அழுதாங்க. அந்த அழுகை நிஜம். பொண்ணோட வயித்து வலியும் நிஜம்.

7.
குழந்தை மேல வன்முறைன்னா நமக்குத் தழும்பு ஞாபகம் வரும், சூடு ஞாபகம் வரும். டாக்டர்களும் அதைத்தான் தேடுவோம். மனசுல நடக்குறதுக்கு எக்ஸ்ரே கிடையாது.

இதுல ரெண்டு வகை இருக்கு. சொல்லக்கூடாததைச் சொல்லி, செய்யக்கூடாததைச் செய்து மனசை உடைக்கிறது ஒண்ணு. அது உணர்வு ரீதியான வன்முறை. குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய கவனத்தையும் ஆறுதலையும் தொடர்ந்து கொடுக்காமலே விடுறது இன்னொண்ணு. அது உணர்வு ரீதியான புறக்கணிப்பு.

ரெண்டாவதைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். “வீட்ல என்ன நடந்துச்சு?”னு கேட்டா அந்தக் குழந்தை “ஒண்ணும் நடக்கலையே”ன்னுதான் சொல்லும். பிரச்சினையே அங்க ஒண்ணும் நடக்கலைங்கிறதுதான்.

8.
முதல் வகையை நாம தினமும் காதால கேட்கிறோம். வன்முறைன்னு பேர் வைக்கிறதில்ல, அவ்வளவுதான்.

“உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.”
“நீ பொறந்த நேரம்தான் இந்த வீடு இப்படி ஆச்சு.”
“உன்னாலதான் நான் இந்த மனுஷன்கூட இன்னும் இருக்கேன்.”
“இப்படியே பண்ணினா அம்மா செத்துப் போயிடுவேன் பாரு.”
“கருவாச்சி, உன்னை எவன் கட்டுவான்?”
“போய் உங்கப்பன்கிட்ட சொல்லு”ன்னு ரெண்டு பேருக்கும் நடுவுல குழந்தையைத் தூது அனுப்புறது.
பத்துப் பேர் இருக்கிற கல்யாண வீட்ல, குழந்தை ராத்திரி படுக்கையை நனைச்சதைச் சொல்லிச் சிரிக்கிறது.

கூடவே இதையும் சேர்த்துக்குங்க: “சாப்பிடலன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாரு.” என்னை வச்சுப் பிள்ளையை மிரட்டாதீங்கன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்.

9.
உடனே பயந்துடாதீங்க. ஆபீஸ் டென்ஷன்ல ஒரு நாள் கத்திட்டேன், நான் கொடுமைக்காரியான்னு கேட்காதீங்க. இல்ல. நானும் என் பையன்கிட்ட கத்தியிருக்கேன்.

அது வழக்கமா நடக்குதா, கத்தினதுக்கு அப்புறம் யாராவது வந்து சமாதானம் பண்றாங்களா, இல்ல அந்தக் குழந்தை அப்படியே தனியா விடப்படுதா? இந்த ரெண்டு கேள்வியை வச்சுத்தான் பார்க்கணும்.

10.
“வயிறு நிறைய சோறு போடுறோம், அது போதாதா?”ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு பழைய ஆய்வு.

1948. உலகப் போர் முடிஞ்ச ஜெர்மனி. எல்சி விடோசன்னு ஒரு பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்வாளர் ரெண்டு அநாதை இல்லங்கள்ல பிள்ளைகளை எடை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. முதல் ஆறு மாசம் ரெண்டு இல்லத்துக்கும் ஒரே ரேஷன் சாப்பாடு. அப்புறம் ஒரு இல்லத்துக்கு மட்டும் கூடுதலா ரொட்டி, ஜாம், ஆரஞ்சு ஜூஸ். அங்க இருக்கிற பிள்ளைகள் நல்லா எடை ஏறணும் இல்லையா?

ஏறல. கூடுதல் சாப்பாடு இல்லாத இல்லத்துப் பிள்ளைகள்தான் அதிகமா எடை ஏறினாங்க.

11.
காரணம் என்னன்னு பார்த்தா, ஒரு வார்டன் அம்மா. சாப்பாட்டு நேரம் பார்த்து, எல்லார் முன்னாடியும் ஒவ்வொரு பிள்ளையா நிக்க வச்சு அவமானப்படுத்துறவங்க. கூடுதல் சாப்பாடு ஆரம்பிச்ச அதே சமயத்துல தற்செயலா அந்த இல்லத்துக்கு மாத்தலாகி வந்திருந்தாங்க. அவங்க விட்டுட்டுப் போன பழைய இல்லத்துப் பிள்ளைகள் வெறும் ரேஷன்லயே மளமளன்னு எடை ஏறிட்டாங்க. அவங்களோட செல்லப் பிள்ளைகள் எட்டுப் பேரை மட்டும் கூடவே கூட்டிட்டு வந்தாங்க. அந்த எட்டுப் பேரும் நல்லா வளர்ந்தாங்க.

1951-ல லான்செட் மருத்துவ இதழ்ல இது வெளியாச்சு. தட்டுல இருக்கிற சோறு உடம்புல ஒட்டணும்னா, பக்கத்துல நிக்கிறவங்க முகமும் நல்லா இருக்கணும். நம்ம பாட்டிங்க “சாப்பிடுற பிள்ளையைத் திட்டாதே”ன்னு சொன்னது சும்மா இல்ல.

12.
இன்னொண்ணு. 1970-கள்ல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் செஞ்ச சோதனை.

அம்மா கைக்குழந்தையோட சிரிச்சு விளையாடுறாங்க. அப்புறம் ரெண்டு நிமிஷம் போல முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாம குழந்தையைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்.

குழந்தை முதல்ல சிரிச்சுப் பார்க்குது. கையை நீட்டுது. குரல் கொடுக்குது. எதுக்கும் பதில் இல்லன்னு தெரிஞ்சதும் முகத்தைத் திருப்பிக்குது, தளர்ந்து போகுது, அழுது. அம்மா மறுபடி சிரிச்சதும் மெல்லத் திரும்பி வருது.

ரெண்டு நிமிஷத்துக்கே இப்படின்னா, மூணு நாளுக்கு எப்படி இருக்கும்?

13.
“நாங்கல்லாம் திட்டு வாங்கி, அடி வாங்கித்தான் வளர்ந்தோம். நல்லாத்தானே இருக்கோம்?”

இந்தக் கமெண்ட் கண்டிப்பா வரும். அதனால முன்கூட்டியே பதில் சொல்லிடறேன். அமெரிக்காவோட சான் டியாகோ நகரத்துல 17,000-க்கும் அதிகமான பெரியவங்ககிட்ட அவங்க சின்ன வயசு அனுபவங்களைக் கேட்டாங்க. 1998-ல முதல் முடிவுகள் வந்துச்சு. அடி, பாலியல் துன்புறுத்தலோட, அவமானப்படுத்துறது, மிரட்டுறது, பாசம் காட்டாம விடுறது இதெல்லாமும் அந்த ஆய்வுப் பட்டியல்ல இருக்கு.

இப்படிப்பட்ட அனுபவங்கள் எத்தனை வகையில கூடிச்சோ, பெரியவங்க ஆனப்புறம் மனச்சோர்வு, குடி, தற்கொலை முயற்சி, இதய நோய் எல்லாம் அதோட சேர்ந்து கூடியிருந்துச்சு. இது எல்லாருக்கும் விதிச்ச விதி இல்ல. ஆனா “நல்லாத்தானே இருக்கோம்”னு சொல்றவங்க தங்களோட தூக்கத்தையும் கோபத்தையும் பி.பி.யையும் ஒரு தடவை யோசிச்சுட்டுச் சொல்லுங்க.

14.
சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது? வயசு வாரியா சொல்றேன்.

கைக்குழந்தை: முகத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டேங்குது. தூக்கச் சொல்லி அழ மாட்டேங்குது. நோய் எதுவும் இல்லாம எடை ஏற மாட்டேங்குது. “அழவே அழாது, படுக்க வச்ச இடத்துல கிடக்கும்”னு பெருமையா சொன்னா, நான் குழந்தையை இன்னும் கவனமா பார்ப்பேன்.

ரெண்டிலிருந்து அஞ்சு வயசு: விழுந்து அடிபட்டாலும் வீட்டு ஆள்கிட்ட ஓடி வராது. இல்லன்னா நேர்மாறா, முன்பின் தெரியாதவங்க மடியில கூட சட்டுன்னு ஏறி உட்கார்ந்துக்கும். பேச்சு தாமதமாகலாம்.

15.
பள்ளிக்கூட வயசு: காரணம் தெரியாத வயித்து வலி, தலைவலி. ஆறு மாசத்துக்கு மேல நனைக்காம இருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கிறது. சாப்பாட்டை ஒளிச்சு வைக்கிறது. எதுக்கெடுத்தாலும் “சாரி” சொல்றது. பென்சில் உடைஞ்சதுக்கே நடுங்குறது. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் பெரியவங்க முகத்தைப் படிச்சுட்டு, அதுக்கேத்த மாதிரி தன்னை மாத்திக்கிறது. தம்பி தங்கச்சிக்கு அம்மாவாவே மாறிடறது.

கடைசி ரெண்டையும் நாம “பொறுப்பான பொண்ணு”ன்னு பாராட்டுவோம்.

டீன் ஏஜ்: “எனக்கு ஒண்ணும் இல்ல, விடுங்க.” எப்பவும் தூக்கம், இல்லன்னா தூக்கமே இல்ல. வெயில் காலத்துலயும் முழுக்கைச் சட்டை. அது கையில இருக்கிற கீறலை மறைக்க இருக்கலாம். வீட்ல யார்கிட்டயும் பேசாம, முகம் தெரியாத யாரோ ஒருத்தர்கிட்ட ராத்திரி முழுக்க சாட்.

16.
பெரியவங்ககிட்டயும் அறிகுறி இருக்கு.

நான் பிள்ளையைக் கேள்வி கேட்டா, ஒவ்வொண்ணுக்கும் அப்பாவே பதில் சொல்றாரு. பிள்ளை முன்னாடியே “இது எதுக்கும் லாயக்கில்ல டாக்டர்”னு சொல்றாங்க. அதோட க்ளாஸ் ரேங்க் தெரியுது, ஃப்ரெண்ட் பேர் தெரியல. பிள்ளை அழும்போது யாரோட கையும் தானா நீளுறதில்ல.

17.
முக்கியமான எச்சரிக்கை. இதுல ஏதோ ஒண்ணு இருக்குன்னு உடனே தீர்ப்பு எழுதிடாதீங்க.

சில பிள்ளைகள் பிறவியிலேயே அமைதி. சிலருக்குக் காது கேட்கிறதுல பிரச்சினை இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம். மறுபடி படுக்கையை நனைக்கிறதுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், சர்க்கரை நோய் காரணமா இருக்கலாம். எடை குறையுது, வலி தூக்கத்துல எழுப்புது, மலத்துல ரத்தம், விடாத காய்ச்சல் இதெல்லாம் இருந்தா மனசு காரணம்னு விட்டுடக்கூடாது. முதல்ல உடம்பைப் பாருங்க. உடம்பைப் பார்த்து முடிச்சதும் கேஸ் ஷீட்டை மூடிடாம மனசையும் பாருங்க. நான் மூடின தப்பைத்தான் இங்க எழுதிக்கிட்டு இருக்கேன்.

அந்த வலியை “நடிப்பு”ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. குடலுக்கும் மூளைக்கும் நரம்புத் தொடர்பு இருக்கு. ஸ்கேன்ல தெரியலைன்னாலும் வலிக்கிறது உண்மை.

18.
இன்னொரு விஷயம். ஏழ்மையையும் புறக்கணிப்பையும் போட்டுக் குழப்பாதீங்க.

காலைல அஞ்சு மணிக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போற அம்மா, ராத்திரி வந்து பிள்ளை தலையில எண்ணெய் வச்சு, “இன்னிக்கு யார்கூட சாப்பிட்ட?”னு கேட்டா, அந்தப் பிள்ளைக்கு வீடு இருக்கு. தனி ரூம், ஏ.சி., டேப் எல்லாம் இருந்தும் நாள் முழுக்க ஒரு ஆள்கூட கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளைகளும் எங்ககிட்ட வருது. எத்தனை மணி நேரம் வீட்ல இருக்கோம்ங்கிறதை மட்டும் வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

19.
என் கருத்தை நேரடியா சொல்லிடறேன். பிள்ளையைப் பத்தி நாம வச்சிருக்கிற மார்க் ஷீட்டே தப்பு.

அழாதது, கேட்காதது, தொந்தரவு பண்ணாதது எல்லாம் பெரியவங்களுக்கு வசதி. அதைப் பிள்ளையோட நல்ல குணம்னு எழுதி வச்சிருக்கோம். சேட்டை பண்ற பையனை ஸ்கூல்ல கவுன்சலிங் அனுப்புவாங்க. மூலையில சத்தமில்லாம உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு ப்ரோக்ரஸ் கார்டுல “வெரி ஒபிடியன்ட்”. நாங்க டாக்டர்களும் அப்படித்தான். பசி எப்படி, மோஷன் எப்படின்னு கேட்போம். “உனக்கு வலிச்சா யார்கிட்ட சொல்லுவ?”ன்னு கேட்கிறதில்ல.

அந்த ஒரு கேள்வியை இப்ப எல்லாப் பிள்ளைகள்கிட்டயும் கேட்கிறேன். பெரும்பாலும் “அம்மா”ன்னு யோசிக்காம வரும். “ஆயா”, “சித்தி”ன்னு வந்தாலும் சந்தோஷம். பதில் வர நேரமானாத்தான் கவலை.

20.
வீட்ல என்ன செய்யலாம்?

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். ஃபோன் இல்லாம, படிப்பு பத்திப் பேசாம, பிள்ளை சொல்ற விளையாட்டு. கேட்க ரொம்பச் சின்னதா இருக்கும், செஞ்சு பாருங்க.

சண்டை போட்டா, “அம்மாவுக்கு இப்ப மனசு சரியில்ல, உன் மேல கோபம் இல்ல, கொஞ்ச நேரத்துல பேசுறேன்”னு சொல்லிட்டு அமைதியா இருங்க. காரணம் தெரியாத மௌனத்துக்குக் குழந்தை தன்னையேதான் காரணமா வச்சுக்கும்.

தப்பா பேசிட்டா மன்னிப்புக் கேளுங்க. பிள்ளைகிட்ட சாரி கேட்டா மரியாதை போகாது. எல்லா வீட்லயும் விரிசல் வரும், அதை யாராவது வந்து சேர்த்து வைக்கிறாங்களாங்கிறதுதான் முக்கியம்.

உங்களுக்கே பேச்சு வரல, எதுலயும் பிடிப்பில்ல, பிள்ளையைப் பார்த்தாலே எரிச்சல்னு வாரக்கணக்குல இருந்தா, அது மனச்சோர்வா இருக்கலாம். அதுக்கு வைத்தியம் இருக்கு. டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழ்லயே பேசலாம்.

21.
சொந்தக்காரங்க, பக்கத்து வீட்டுக்காரங்க, டீச்சர்களுக்கு.

பிள்ளை முன்னாடி பெத்தவங்களைச் சண்டைக்குக் கூப்பிடாதீங்க. நீங்க போனப்புறம் அந்தக் கோபம் பிள்ளை மேலதான் இறங்கும். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்”னு சத்தியமும் பண்ணாதீங்க. “உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்”னு சொல்லுங்க.

தொடர்ந்து அக்கறை காட்டுற ஒரே ஒரு பெரியவர் இருந்தாக்கூட பிள்ளை தாங்கிக்கும். அந்த ஒருத்தர் அத்தையா இருக்கலாம், பி.டி. மாஸ்டரா இருக்கலாம், ஆட்டோ அண்ணனா இருக்கலாம்.

22.
சட்டமும் இதைச் சொல்லுது. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவு பள்ளிக்கூடத்துல அடிக்கிறதோட சேர்த்து மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்யுது. 2015-ம் வருஷச் சிறார் நீதிச் சட்டத்தோட 75-வது பிரிவு, பொறுப்புல இருக்கிறவங்க குழந்தைக்குத் தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாகிற மாதிரி கொடுமை செஞ்சாலும், வேணும்னே புறக்கணிச்சாலும் குற்றம்னு சொல்லுது.

ஒரு குழந்தை ஆபத்துல இருக்குன்னு தோணினா 1098. இருபத்து நாலு மணி நேரமும் இயங்குற இலவச எண். குழந்தையே கூட கூப்பிடலாம். உங்க பிள்ளைக்கு இந்த நம்பரைச் சொல்லிக் கொடுங்க.

23.
அந்தப் பொண்ணு என்ன ஆனா?

அம்மாவுக்கு ரொம்ப நாளா மனச்சோர்வு இருந்திருக்கு. யாரும் கண்டுக்கல, அவங்களும் சொல்லல. அவங்க சின்ன வயசுலயும் அவங்க வீட்ல “பேசாத நாட்கள்” இருந்திருக்கு. மனநல மருத்துவர்கிட்ட அனுப்பினேன். மாத்திரை, கவுன்சலிங் ரெண்டும் நடந்துச்சு. அப்பா முதல்ல வர மாட்டேன்னாரு, மூணாவது தடவை ஃபோன் பண்ணினப்புறம் வந்தாரு. இன்னும் அந்த வீட்ல சண்டை நின்னுடல. ஆனா பேசாத நாள்ல அம்மா ஃப்ரிட்ஜ் மேல ஒரு துண்டுச்சீட்டு ஒட்டி வைப்பாங்களாம். “கோபம் உன் மேல இல்ல”ன்னு.

24.
போன மாசம் பத்து வயசுத் தடுப்பூசிக்கு வந்தா. சிஸ்டர் ஊசியை எடுத்ததுமே “அம்மா!”னு ஒரு கத்து. கையை உதறிட்டு அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டா. வெளிய டோக்கனோட உட்கார்ந்திருந்த ஆளுங்கல்லாம் எட்டிப் பார்த்தாங்க. ரெண்டு பேர் சேர்ந்துதான் ஊசி போட முடிஞ்சுது.

“சாரி டாக்டர், இப்பல்லாம் ரொம்ப அடம்”னு அம்மா கூச்சப்பட்டாங்க.

“நல்லா அழட்டும்மா”ன்னு சொன்னேன். சிஸ்டர் ஊசியைக் குப்பையில போட்டுக்கிட்டே என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுப் பிள்ளைகிட்ட அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க. பதில் வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு கவனிங்க.